உயிருணரி ஒத்துழைக்கவில்லையா? அறிகுறியைப் பிடித்துப் பிழையைத் தேடும் வழி

மாலை ஐந்து மணிக்கு மேல் ஆய்வகத்தில் என் மேசைக்கு வரும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தோடுதான் வருவார்கள். "அக்கா, சிக்னலே வரலை. என்சைம் செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன்." போய்ப் பார்த்தால் பல நாள் நொதி நன்றாகத்தான் இருக்கும். ரெஃபரன்ஸ் மின்முனையின் (மற்றதன் மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வைக்கும், தான் மாறாத மின்முனை) நுனியில் கடுகளவு காற்றுக்குமிழி உட்கார்ந்திருக்கும், அல்லது கிளிப்பின் பல்லில் துரு ஏறியிருக்கும். அதற்குள் அவர் விலை கூடிய நொதியைப் போட்டு மூன்று புதிய மின்முனைகள் செய்து முடித்திருப்பார். அந்த மூன்று மின்முனைகளும் ஒரு நாள் உழைப்பும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உயிருணரி என்பது நொதி போன்ற ஓர் உயிர்ப்பொருளை வைத்து வேறொன்றை அளக்கும் கருவி. எல்லா உணரிகளுக்கும் பொதுவாக ஒரு பட்டியல் போட்டால் யாருக்கும் பயன்படாது. அதனால் நான் தினமும் கையாளும் ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்: குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதி வைத்த மின்முனை. 1962இல் லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்சும் முன்வைத்த நொதி மின்முனைதான் இந்தக் குடும்பத்துக்கே மூத்தது. நொதி குளுக்கோஸை ஆக்சிஜனேற்றம் செய்யும். அப்போது கரைசலில் உள்ள ஆக்சிஜன் ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறும். அடியில் இருக்கும் பிளாட்டினம் அந்தப் பெராக்சைடை 0.6 அல்லது 0.7 வோல்ட்டில் ஆக்சிஜனேற்றி மின்னோட்டமாகத் தரும். எங்கள் மேசையில் 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிளாஸி கார்பன், அதன்மேல் பிளாட்டினம் நுண்துகள், அதன்மேல் நொதி, எல்லாவற்றுக்கும் மேலே நாஃபியான் என்ற பாலிமரின் மெல்லிய படலம்.

தேடும்போது வெளியிலிருந்து உள்ளே போங்கள். முதலில் கருவி, பிறகு கம்பி, ரெஃபரன்ஸ், வெறும் மின்முனை, படலம், நொதி, கடைசியாக மாதிரி. ஒவ்வொரு அடுக்கும் தனியாக நிற்கிறது என்று உறுதிசெய்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

மின்னோட்டமே இல்லை, கோடு பூஜ்ஜியத்தில் படுத்திருக்கிறது

மின்முனையைக் கழற்றி ஓரமாக வையுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் 10 கிலோஓம் மின்தடை ஒன்றை எடுங்கள். அதன் ஒரு காலில் வொர்க்கிங் (நாம் அளக்கும் மின்முனைக்கான) கம்பி, மறு காலில் ரெஃபரன்ஸ், கவுன்டர் (மின்சுற்றை முடிக்கும் மின்முனைக்கான) கம்பிகள் இரண்டும் சேர்த்து. மைனஸ் 0.5 வோல்ட்டிலிருந்து பிளஸ் 0.5 வோல்ட் வரை ஒரு சி.வி. (சைக்ளிக் வோல்டாமெட்ரி: மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தைப் பதிவது) ஓட்டுங்கள். ஓம் விதிப்படி மைனஸ் 50 மைக்ரோஆம்பியரிலிருந்து பிளஸ் 50 வரை நூல் பிடித்தாற்போல ஒரு நேர்கோடு வர வேண்டும். வந்தால் பொட்டென்ஷியோஸ்டாட்டும் (மின்னழுத்தம் கொடுத்து மின்னோட்டம் அளக்கும் நம் கருவி) கம்பியும் நன்றாக இருக்கின்றன. வராவிட்டால் ஒவ்வொரு கம்பியையும் மல்டிமீட்டரில் தொடர்ச்சி பாருங்கள். கிளிப்போடு கம்பி சேரும் இடத்தில், உறைக்குள்ளேயே அறுந்திருப்பது அடிக்கடி நடக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

கருவி சரி என்றால் கலத்துக்கு, அதாவது மின்முனைகள் நிற்கும் கரைசல் பாத்திரத்துக்கு வாருங்கள். ரெஃபரன்ஸின் நுண்துளை நுனி கரைசலில் மூழ்கியிருக்கிறதா, அதற்குள் குமிழி இருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டரை உதறுவது போல மெதுவாக உதறினால் குமிழி மேலே ஏறிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கலம் இயங்கிக்கொண்டிருக்கும்போது ரெஃபரன்ஸ் கம்பியைக் கழற்றாதீர்கள். ரெஃபரன்ஸ் தொடர்பு போனால் கருவிக்கு எவ்வளவு மின்னழுத்தம் கொடுக்கிறோம் என்றே தெரியாது. தன்னால் முடிந்த உச்ச அழுத்தத்தை எட்டிவிடும். இரண்டு நாள் உட்கார்ந்து செய்த படலம் சில நொடிகளில் போய்விடும். திரையில் 'ஓவர்லோடு' என்று வந்தால் முதலில் கலத்தை நிறுத்துங்கள், அப்புறம் காரணத்தைத் தேடுங்கள்.

கோடு வருகிறது, ஆனால் நடுங்குகிறது

நடுக்கம் ஒழுங்கான அலையாக இருந்தால் பெரும்பாலும் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். பக்கத்தில் உள்ள காந்தக் கலக்கி, மேசை விசிறி, கைபேசி சார்ஜர் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மடிக்கணினியைச் சார்ஜரிலிருந்து எடுத்துவிட்டு பேட்டரியில் ஓட்டினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். கலத்தை ஃபாரடே கூண்டுக்குள் (வெளி மின்புலத்தைத் தடுக்கும் உலோகக் கூண்டு) வைத்து, கூண்டைக் கருவியின் எர்த் முனையோடு இணையுங்கள். கூண்டு இல்லையா? அலுமினியத் தாள் சுற்றிய அட்டைப்பெட்டி போதும். ஆனால் அந்தத் தாளும் எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும், சேராத தாளால் பயனில்லை. மாதிரி எடுக்கும் நேரத்தை 20 மில்லிநொடி அல்லது அதன் மடங்காக வைத்தால் 50 ஹெர்ட்ஸ் தானாகச் சராசரியாகி மறையும்.

ஒழுங்கில்லாமல் திடீர் திடீரென்று குத்தினால் தளர்ந்த கிளிப், குமிழி, கலக்கியின் குச்சி மின்முனையில் இடிப்பது. இவை மூன்றையும் பாருங்கள்.

வெறும் மின்முனையிலேயே பீக்குகள் விலகி நிற்கின்றன

நான் அதிக நேரம் செலவிடச் சொல்வது இந்த இடத்தில்தான். அடித்தளம் சரியில்லாத மின்முனையின் மேல் என்ன அடுக்கினாலும், கடைசியில் கிடைக்கும் எண்ணை நம்ப முடியாது.

5 மில்லிமோலார் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடை 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடில் கரைத்து, நொடிக்கு 50 மில்லிவோல்ட் வேகத்தில் சி.வி. எடுங்கள். பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, கோட்டின் மேலும் கீழும் வரும் இரண்டு பீக்குகளுக்கும் (உச்சங்களுக்கும்) இடையிலான மின்னழுத்த இடைவெளி. கோட்பாட்டின்படி 25 டிகிரியில் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் இருக்க வேண்டும். மேசையில் 80க்குள் இருந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். 100ஐத் தாண்டினால் மறுபடி பாலிஷ்.

இரண்டாவது, பீக்கின் உயரம். இதைப் பலர் பார்ப்பதே இல்லை. பீக்கின் உயரத்தைக் கணக்கிடும் ராண்டில்ஸ்–செவ்சிக் சமன்பாட்டில் 3 மில்லிமீட்டர் விட்டத்தையும் (பரப்பு 0.07 சதுர சென்டிமீட்டர்), ஃபெர்ரிசயனைடின் பரவல் கெழுவையும் (நொடிக்கு ஏறத்தாழ 0.0000076 சதுர சென்டிமீட்டர்) போட்டால் 58 மைக்ரோஆம்பியருக்குப் பக்கத்தில் வரும். இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கருவியின் மேல் ஒட்டிவையுங்கள். 30 வந்தால் மின்முனையின் பாதி மூடிக்கிடக்கிறது. 90 வந்தால் கரைசல் செறிவிலோ வேகத்திலோ நீங்கள் தவறிவிட்டீர்கள், அல்லது டெஃப்லான் உறைக்கும் கார்பனுக்கும் இடையில் கரைசல் கசிந்து உள்ளே போகிறது.

பாலிஷ் செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1 மைக்ரான் அலுமினாவில் தொடங்கி, 0.3, பிறகு 0.05. ஒவ்வொன்றுக்கும் தனித் துணி. ஒரே துணியில் மூன்றையும் தேய்த்தால் பெரிய துகள் கடைசி வரை கீறிக்கொண்டே இருக்கும். துணியில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, அலுமினாவைத் தோசை மாவு பதத்துக்குக் குழைத்து, மின்முனையைச் செங்குத்தாகப் பிடித்து எட்டு வடிவத்தில் நகர்த்துங்கள். அழுத்தம் வேண்டாம், கையின் எடையே போதும். சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கம் தேய்ந்து, பரப்பு மாறிவிடும். ஒவ்வொரு நிலைக்கும் பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, கடைசியில் எத்தனாலிலும் தண்ணீரிலும் தலா ஒரு நிமிடம் அல்ட்ராசோனிக் தொட்டியில் வையுங்கள். பத்து நிமிடம் வைத்தால் இன்னும் சுத்தமாகும் என்று நினைக்க வேண்டாம், உள்ளே உள்ள பசை இளகிவிடும். முடிந்ததும் குழல்விளக்கின் கீழ் சாய்த்துப் பாருங்கள். விளக்கின் பிம்பம் கோணாமல், ஓரம் மங்காமல் தெரிய வேண்டும். பால்போல ஒரு படலம் தெரிந்தால் அலுமினா இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்து ஒரு பொறி. படலம் போட்ட பிறகு ஃபெர்ரிசயனைடு பீக் உயர்ந்தால் "பரப்பு கூடிவிட்டது, கடத்துதிறன் ஏறிவிட்டது" என்று எழுதிவிடுகிறோம். படலமாகப் பலர் போடும் கைட்டோசான் என்ற பாலிமர் நேர்மின்னூட்டம் கொண்டது, ஃபெர்ரிசயனைடு எதிர்மின்னூட்டம் கொண்டது. படலம் அதை இழுத்துச் சேர்த்து வைத்துக்கொள்கிறது, அதனால் பீக் உயர்கிறது. அதே காரணத்தால் எதிர்மின்னூட்டமுள்ள நாஃபியான் போட்டால் பீக் விழும். மின்முனை கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. சந்தேகம் வந்தால் நேர்மின்னூட்டமுள்ள ஹெக்சாமைன் ருத்தேனியத்தையும் வைத்துப் பாருங்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போனால் நீங்கள் பார்ப்பது பரப்பை அல்ல, மின்னூட்டத்தை.

பீக் இடம் மாறிக்கொண்டே போகிறது

நேற்று 0.22 வோல்ட்டில் இருந்த பீக் இன்று 0.29இல். வேறெதுவும் மாறவில்லை. முதல் சந்தேகம் ரெஃபரன்ஸ்மேல்தான். ஆய்வகத்தில் யாரும் தொடாத ஒரு ரெஃபரன்ஸைத் தனியாக வைத்திருங்கள். அதையும் சந்தேகப்படும் ரெஃபரன்ஸையும் பொட்டாசியம் குளோரைடில் நிறுத்தி, மல்டிமீட்டரில் இடைவெளியைப் பாருங்கள். ஒரே வகை என்றால் 5 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் உள் கரைசலை மாற்றுங்கள், நுனி கறுத்திருந்தால் நுனியையே மாற்றுங்கள். இரவில் ரெஃபரன்ஸை வடிநீரில் வைப்பவர்கள் உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே உள்ள குளோரைடு மெல்ல வெளியேறி, காலையில் அது வேறு ரெஃபரன்ஸ் ஆகியிருக்கும். உள்ளே என்ன கரைசலோ அதிலேயே வையுங்கள்.

அச்சிட்ட மின்முனைகளில் கதை வேறு. அங்கே ரெஃபரன்ஸ் என்பது வெறும் வெள்ளி–வெள்ளி குளோரைடு மை. உள் கரைசல் கிடையாது. நீங்கள் ஊற்றும் கரைசலில் உள்ள குளோரைடுதான் அதன் மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. குளோரைடு பத்தில் ஒன்றாகக் குறைந்தால் 59 மில்லிவோல்ட் நகரும். பி.பி.எஸ். என்ற பாஸ்பேட் பஃபரில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) உப்பு இருக்கிறது, வெறும் பாஸ்பேட் பஃபரில் இல்லை. இரண்டு புட்டிகளும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், பெயரும் ஏறத்தாழ ஒன்றுதான். மாறி எடுத்துவிட்டால் பீக் இடம் மாறும், அளவீடும் மாறும். அச்சிட்ட மின்முனையில் வேலை செய்பவர்கள் பஃபர் எதுவாக இருந்தாலும் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தே தயாரியுங்கள்.

நொதி வைத்தாயிற்று, குளுக்கோஸ் விட்டால் அசையவில்லை

குளுக்கோஸை விடுவதற்கு முன் பெராக்சைடை விடுங்கள். இறுதிச் செறிவு 0.1 மில்லிமோலார் வரும்படி. மின்னோட்டம் படியேறினால் பிளாட்டினமும் படலமும் நன்றாக இருக்கின்றன, பிழை நொதியில். படியேறாவிட்டால் நொதிக்கு இதில் சம்பந்தமே இல்லை, அடியில் தேடுங்கள். ஐந்து நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் புது நொதி வாங்கக் கேட்கக்கூடாது என்பது எங்கள் ஆய்வகத்தில் எழுதாத விதி.

பெராக்சைடும் ஏமாற்றும். பாதி தீர்ந்த பழைய புட்டியில் 30 சதவீதம் என்று ஒட்டியிருக்கும், உள்ளே அவ்வளவு இருக்காது. 10 மில்லிமோலார் என்று கணக்குப் போட்டுக் கலந்ததை 240 நானோமீட்டரில் அளந்து பாருங்கள். 1 சென்டிமீட்டர் குவார்ட்ஸ் கலத்தில் 0.44க்குப் பக்கத்தில் வர வேண்டும்.

பிழை நொதியில்தான் என்று தெரிந்துவிட்டதா? இப்போது நொதி புட்டியிலேயே இறந்ததா, மின்முனையில் ஏற்றும்போது இறந்ததா என்று பிரிக்க வேண்டும். ஒரு சிறு குழாயில் நொதிக் கரைசல், குளுக்கோஸ், ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ் (பெராக்சைடைப் பயன்படுத்தும் இன்னொரு நொதி), டி.எம்.பி. (அப்போது நீலமாகும் சாயப்பொருள்) சேருங்கள். நீலம் வந்தால் புட்டியில் உயிர் இருக்கிறது. பிரீசரில் வைத்த நொதி மின்வெட்டில் உருகி உறைந்து, மறுபடி உருகி உறைந்து வலுவிழப்பது உண்டு. வாங்கிய அன்றே சிறு குழாய்களில் பிரித்து வைத்தால் ஒரு குழாய் போனாலும் மற்றவை மிஞ்சும்.

புட்டியில் உயிர் இருந்து மின்முனையில் இல்லை என்றால், நான் கண்ட காரணங்கள் இவை. குளுட்டரால்டிஹைடு அதிகம்: நொதியைக் கட்டிப்போடத்தான் சேர்க்கிறோம், கூடினால் அது நொதியை இறுக்கிக் கொன்றுவிடும். நீர்க்கச் செய்து, குறைந்த நேரம் வைத்துப் பாருங்கள். டிரிஸ் பஃபர்: அதில் அமைன் இருக்கிறது, குளுட்டரால்டிஹைடும் ஈ.டி.சி.–என்.எச்.எஸ். (நொதியை மேற்பரப்போடு பிணைக்கும் வேதிப்பொருள்கள்) இணைப்பும் நொதியைத் தேடிப் போகாமல் டிரிஸோடு சேர்ந்து தீர்ந்துவிடும். இணைக்கும் கட்டத்தில் பாஸ்பேட் அல்லது எம்.ஈ.எஸ். பஃபர் மட்டும். ஈ.டி.சி. புட்டியைப் பிரீசரிலிருந்து எடுத்தவுடன் திறப்பது: ஈரம் உள்ளே போய்ப் படியும், அடுத்த முறை அது வெறும் தூள். அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு திறங்கள். நாஃபியான்: கடையில் வரும் கரைசல் கடும் அமிலம், அப்படியே நொதிமேல் சொட்டினால் என்ன ஆகும்? நீர்க்கச் செய்து, பி.எச். சரிசெய்து பயன்படுத்துங்கள்.

பெராக்சிடேஸ் வைத்து உணரி செய்பவர்களுக்கு இன்னொன்று. பூஞ்சை வராமல் இருக்க பஃபரில் சோடியம் அசைடு போட்டு வைத்திருப்பார்கள். அது பெராக்சிடேஸை முடக்கிவிடும். புட்டியின் லேபிளைப் படியுங்கள், லேபிள் இல்லாவிட்டால் கீழே ஊற்றாமல் தனியே ஒதுக்கிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். அசைடு உலோகக் குழாய்களில் சேர்ந்தால் வெடிக்கும் தன்மையுள்ள சேர்மங்கள் உருவாகும்.

காலையில் ஒரு சாய்வு, மாலையில் வேறு சாய்வு

இதில் ஒரு மாணவி இரண்டு வாரம் அல்லாடினாள். ஒவ்வொரு நாளும் காலை ஒன்பதரைக்கு குளுக்கோஸ் கலந்து காலிபரேஷன் (தெரிந்த செறிவுகளை அளந்து கோடு வரைவது) எடுப்பாள், கோட்டின் சாய்வு குறைவாக வரும். மதிய உணவுக்குப் பிறகு அதே மின்முனையில் அதே கரைசலை வைத்து எடுத்தால் கூடும். "மின்முனை பழகப் பழக நல்லா வேலை செய்யுது அக்கா" என்றாள். அவள் நோட்டை வாங்கிப் பார்த்தேன். கரைசல் தயாரித்த நேரம் ஒவ்வொரு நாளும் எழுதியிருந்தாள், அந்த ஒழுங்குதான் விடையைத் தந்தது. காலைக் கரைசலுக்கு வயது பத்து நிமிடம், மாலைக் கரைசலுக்கு ஐந்து மணி நேரம்.

குளுக்கோஸ் ஆக்சிடேஸ் பீட்டா வடிவ குளுக்கோஸை மட்டுமே ஏற்கும் என்று சொல்லலாம். கடையில் வாங்கும் நீரற்ற குளுக்கோஸ் படிகம் பொதுவாக ஆல்ஃபா வடிவம். கரைத்த பிறகுதான் மெல்ல மெல்ல பீட்டாவாக மாறி, ஏறத்தாழ 36க்கு 64 என்ற விகிதத்தில் நிலைபெறும். அதற்குச் சில மணி நேரம் ஆகும். முந்தின நாள் மாலையே கலந்து குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு, காலையில் அறை வெப்பநிலைக்கு வந்ததும் எடுக்கச் சொன்னேன். மறுநாள் இரண்டு சாய்வும் ஒன்றாக வந்தன. இன்றைக்கும் எங்கள் குளிர்ப்பெட்டியில் குளுக்கோஸ் குழாய்களின் மேல் தேதியோடு மணியும் எழுதியிருக்கும்.

நேரம் சரியாக இருந்தும் சாய்வு மாறினால் வெப்பநிலையைப் பாருங்கள். நொதியின் வேகம் ஒரு டிகிரிக்கே மாறும். குளிரூட்டி ஓடும் மதியமும் ஓடாத காலையும் ஒன்றல்ல. கலத்தைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்துவதே நல்ல வழி.

தொடக்கத்தில் நேர்கோடு, அப்புறம் வளைந்துவிடுகிறது

நொதி நிறைந்துவிட்டது என்று உடனே எழுத வேண்டாம். காற்றோடு சமநிலையில் உள்ள தண்ணீரில் 25 டிகிரியில் ஆக்சிஜன் ஏறத்தாழ 0.25 மில்லிமோலார்தான். ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறத்தாழ 5 மில்லிமோலார். ஒரு குளுக்கோஸுக்கு ஓர் ஆக்சிஜன் வேண்டும் என்றால், படலத்துக்குள் முதலில் தீர்வது ஆக்சிஜன். கரைசலில் ஆக்சிஜன் வாயுவைச் செலுத்திப் பாருங்கள். வளைவு தள்ளிப்போனால் பிழை நொதியில் இல்லை. குளுக்கோஸை மெதுவாகவும் ஆக்சிஜனைத் தாராளமாகவும் விடும் வெளிப்படலம் ஒன்றைச் சேருங்கள். பாலியூரித்தேன் இதற்கு நெடுநாளாகப் பயன்படுகிறது. உணர்திறன் குறையும், ஆனால் நேர்கோடு நீளும். நோயாளிக்குப் பயன்படப் போகிற உணரிக்கு நீளமான நேர்கோடுதான் முக்கியம் என்பது என் கருத்து.

நாளுக்கு நாள் சிக்னல் தேய்கிறது

மின்முனையை 1 மில்லிலிட்டர் பஃபரில் ஓர் இரவு ஊறவிட்டு, மின்முனையை எடுத்துவிட்டு அந்தப் பஃபரில் மேலே சொன்ன நீல நிறச் சோதனையைச் செய்யுங்கள். நீலம் வந்தால் நொதி கழன்று வெளியேறுகிறது. வராமல், பெராக்சைடுக்கான சிக்னலும் குறைந்திருந்தால் மேற்பரப்பில் அழுக்கு ஒட்டுகிறது.

அப்டாமர் (ஒரு பொருளைப் பிடிக்கும் டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ. இழை) உணரிகளை நேரடியாக ரத்தத்தில் வைப்பவர்களுக்கு இதே கேள்வி இன்னும் கடுமையானது. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் கெவின் பிளாக்ஸ்கோவின் குழு இதைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்திருக்கிறது. முதலில் வேகமாக விழுவது ரத்தத்தில் உள்ள பொருள்கள் ஒட்டுவதால், யூரியாவால் கழுவினால் அதில் பெரும்பகுதி மீளும். பிறகு மெதுவாக, ஒரே சீராக விழுவது தங்க மின்முனையிலிருந்து, இழையைப் பிடித்து வைத்திருக்கும் தயோல் (கந்தகச் சேர்மம்) படலம் கழல்வதால், அது மீளாது. இந்த உணரிகளில் சிக்னல் தரும் சாயமான மெத்திலீன் நீலத்துக்குத் தேவையான குறுகிய எல்லைக்குள், அதாவது மைனஸ் 0.4 முதல் மைனஸ் 0.2 வோல்ட் வரை மட்டும் ஓட்டினால் இந்தக் கழற்சி வெகுவாகக் குறைகிறது. பழக்கத்தில் அகலமாக ஓட்டும் ஒவ்வொரு சுற்றும் படலத்தை உரிக்கிறது என்று நினைவில் வையுங்கள்.

பஃபரில் அருமை, ரத்தத்தில் தாறுமாறு

0.6 வோல்ட் என்பது பெராக்சைடுக்கு மட்டும் திறக்கும் கதவு அல்ல. அஸ்கார்பிக் அமிலம், யூரிக் அமிலம், பாராசிட்டமால் மூன்றும் அதே வழியில் நுழையும். நாஃபியானின் எதிர்மின்னூட்டம் முதல் இரண்டையும் தள்ளும். பாராசிட்டமாலுக்கு மின்னூட்டம் இல்லை, அது படலத்தைத் தாண்டி உள்ளே போய்விடும். அதனால் "நாஃபியான் போட்டிருக்கிறேன்" என்பது பாராசிட்டமால் சோதனையைத் தவிர்க்கக் காரணம் ஆகாது.

வேறு வழி, மின்னழுத்தத்தையே குறைப்பது. 1990களில் மாஸ்கோவில் ஆர்க்கடி கார்யாகின் குழு பிரஷ்யன் நீலம் என்ற இரும்புச் சேர்ம நிறமியை இதற்குக் கொண்டுவந்தது. பூஜ்ஜிய வோல்ட் பக்கத்திலேயே பெராக்சைடைப் பிடிக்கலாம், குறுக்கிடுபவை அங்கே பெரும்பாலும் பேசாமல் இருக்கும். ஆனால் பிரஷ்யன் நீலம் காரத்தில் கரையும், பொட்டாசியம் இல்லாவிட்டால் சரியாக இயங்காது. சோடியம் மட்டும் உள்ள பஃபரில் சிக்னல் சுருங்கினால் காரணம் அதுதான்.

நான் எப்போதும் கேட்பது ஒரு துணை மின்முனை: எல்லாம் அதே, நொதிக்குப் பதில் போவைன் சீரம் ஆல்புமின் (மாட்டு ரத்தப் புரதம்). மாதிரியில் இரண்டையும் வையுங்கள். துணை மின்முனையும் சிக்னல் தந்தால் அந்த அளவு குளுக்கோஸ் அல்ல.

இதை வெறும் ஆய்வுக் கட்டுரை ஒழுங்காக நினைக்க வேண்டாம். பி.க்யூ.க்யூ. துணைநொதி கொண்ட குளுக்கோஸ் டீஹைட்ரஜனேஸ் வைத்த சோதனைப் பட்டைகள், மால்டோஸையும் குளுக்கோஸ் என்று எண்ணின. ஐகோடெக்ஸ்ட்ரின் கரைசலில் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் ரத்தத்தில் மால்டோஸ் சேரும். மீட்டர் கூடுதலாகக் காட்ட, தேவையில்லாத இன்சுலின் கொடுக்கப்பட்டது. இப்படிப்பட்ட தவறான அளவீடுகளோடு தொடர்புடைய 13 இறப்புகளைச் சுட்டிக்காட்டி, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009 ஆகஸ்டில் எச்சரிக்கை விடுத்தது. மால்டோஸைச் சேர்த்துப் பார்க்கும் சோதனைக்கு மேசையில் பத்து நிமிடம்கூட ஆகாது.

சிக்னல் எதிர்பார்த்ததைவிட நன்றாக வருகிறது

இதையும் பிழை அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் வராதபோது எல்லாரும் தேடுகிறார்கள், வந்துவிட்டால் யாரும் தேடுவதில்லை.

கார்பன் நானோகுழாய் அல்லது கிராஃபீன் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் வைத்து, மைனஸ் 0.45 வோல்ட் பக்கத்தில் அழகான ஒரு சோடி பீக் கண்டு, நொதியிலிருந்து எலக்ட்ரான் நேரடியாக மின்முனைக்கு வருகிறது என்று எழுதிய கட்டுரைகள் ஏராளம். 2016இல் ஜார்ஜ் வில்சனும், 2018இல் பார்ட்லெட்டும் அல்-லோலாகேயும் இந்த முடிவை நேராகக் கேள்வி கேட்டார்கள். இயல்பான குளுக்கோஸ் ஆக்சிடேஸில் எஃப்.ஏ.டி. (எலக்ட்ரானை வாங்கித் தரும் துணைநொதி) புரதத்துக்குள் ஆழமாகப் புதைந்திருக்கிறது. அந்தப் பீக் நொதியிலிருந்து கழன்று மேற்பரப்பில் ஒட்டிய எஃப்.ஏ.டி.யாகவும் இருக்கலாம். உங்கள் மின்முனையில் பார்க்க வழி எளிது. கரைசலில் நைட்ரஜன் செலுத்தி ஆக்சிஜனை முழுக்க நீக்குங்கள், பிறகு குளுக்கோஸ் விடுங்கள். எலக்ட்ரான் நேரடியாக வருகிறது என்றால் ஆக்சிஜனேற்ற மின்னோட்டம் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால், காற்றில் நீங்கள் கண்ட மாற்றம் ஆக்சிஜன் குறைந்ததன் விளைவு மட்டுமே.

ஆர்செனிக் அப்டாமரின் கதையும் இதேதான். குடிநீரில் ஆர்செனிக்கைக் கண்டுபிடிக்க ஒரு டி.என்.ஏ. வரிசையை வைத்துப் பல உணரிகள் செய்தார்கள், தங்க நுண்துகள் நிறம் மாறியது, கட்டுரைகள் வந்தன. 2019இல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோங், ஜுவென் லியூ இருவரும் அந்த வரிசை ஆர்செனிக்கைப் பிடிப்பதே இல்லை என்று காட்டினார்கள். ஆர்செனிக் நேராகத் தங்கத்தில் ஒட்டியதுதான் நிறமாற்றத்துக்குக் காரணம். எழுத்துகளை மாற்றி அடுக்கிய ஒரு டி.என்.ஏ.வைப் பக்கத்தில் வைத்திருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

கண்டறியும் எல்லையும், அதாவது உணரி கண்டறியும் மிகக் குறைந்த செறிவும், இப்படித்தான் ஏமாற்றும். காலிபரேஷனின் மிகத் தாழ்ந்த புள்ளி 10 மைக்ரோமோலார், கட்டுரையில் எல்லை 2 நானோமோலார் என்றால், இடையில் யாரும் அளக்கவில்லை. வெற்றுக் கரைசலைப் பத்து முறையாவது அளந்து, அதன் சிதறலை மூன்றால் பெருக்கிச் சாய்வால் வகுங்கள். பிறகு அந்தச் செறிவில் உண்மையாகவே ஒரு கரைசல் கலந்து, வெற்றுக் கரைசலிலிருந்து பிரித்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள்.

ஆகவே சிக்னல் பிரமாதமாக வந்த அன்று மாலை மூன்று மின்முனைகள் செய்யுங்கள். ஒன்றில் நல்ல நொதி. இன்னொன்றில் கொதிநீரில் பத்து நிமிடம் வைத்த அதே நொதி. மூன்றாவதில் ஆல்புமின். ஒரே நாளில், ஒரே கரைசலில், ஒரே வெப்பநிலையில் மூன்றையும் ஓட்டி, மூன்று கோடுகளையும் ஒரே படத்தில் போட்டு என் மேசைக்குக் கொண்டு வாருங்கள். அதை வைத்துக்கொண்டு பேசுவோம்.